லா போசாவில் மஞ்சித்தூள்

ஃபீனிக்ஸிலிருந்து 10ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே இரண்டு மணி நேரம் போனால் குவார்ட்சைட். கலிஃபோர்னியா எல்லைக்குச் சற்று முன்னால், அரிசோனாவின் மேற்கு ஓரத்தில், சரளைக்கல் பரப்பில் கிடக்கும் சிற்றூர். 2020 கணக்கெடுப்பின்படி ஊரில் குடியிருப்போர் சுமார் 2,400 பேர். கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும்போது பார்த்தால் இந்த எண்ணிக்கையே அதிகம் என்று தோன்றும். ஜனவரியில் நிலைமை வேறு. சாலையின் இரு புறமும் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டி வீடுகள். பேருந்து அளவுக்குப் பெரியவை, பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றியவை, காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துவந்த சிறு டிரெய்லர்கள். மினசோட்டா, டகோட்டா, கனடா என்று பனி கொட்டும் ஊர்களிலிருந்து வந்து, குளிர்காலம் முடியும்வரை இங்கேயே தங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள்.

ஊருக்குள் இடுகாட்டில் பிரமிடு வடிவில் ஒரு கல்லறை, உச்சியில் உலோக ஒட்டகம். பாலைவனத்தில் சுமை தூக்க ஒட்டகங்களைப் பழக்கிப் பார்க்கலாம் என்று 1850களில் அமெரிக்க இராணுவம் முயன்றபோது, அவற்றோடு கப்பலில் வந்த ஹாஜி அலி என்ற ஒட்டகக்காரர் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார். உள்ளூர் நாக்கு அவரை ‘ஹை ஜாலி’ ஆக்கிவிட்டது. 1902-ல் இறந்தார், கல்லறையை 1935-ல் எழுப்பினார்கள். தண்ணீரில்லாத நிலத்தைக் கடக்கத் தெரிந்த ஒருவருக்கு இந்த ஊர் மரியாதை செய்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அந்த மண்ணில் தங்கியவர்கள் யாவரும் ஏதோ ஒரு வகையில் தண்ணீர்க் கணக்குப் போட்டுத்தான் தங்கியிருக்கிறார்கள்.

நாங்கள் தங்கியது ஊருக்குத் தெற்கே, 95ஆம் எண் சாலையோரம், லா போசா என்ற வெளியில். நடுவண் அரசின் நில மேலாண்மைத் துறைக்குச் சொந்தமான நிலம் அது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அங்கே நெடுநாள் தங்க அனுமதிச் சீட்டு தருகிறார்கள். சீட்டு வாங்கிக்கொண்டு பிடித்த இடத்தில் வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். மின்கம்பம் கிடையாது, குழாய் கிடையாது, சாக்கடை கிடையாது. கிரியோசோட் புதர்களும் பாலோ வெர்டே மரங்களும், கிழக்கே பிளோமோசா மலைத்தொடரின் மொட்டைப் பாறைகளும்தான் அக்கம்பக்கம். அந்த வெளியின் தென்பகுதியில் ஓரிடத்தில் மட்டும் குடிநீர் பிடிக்கவும், தொட்டிக் கழிவைக் கொட்டவும், குப்பை போடவும் வசதி வைத்திருக்கிறார்கள். மற்றதெல்லாம் அவரவர் பாடு.

டிரெய்லர் என் பெரியப்பா மகனுடையது. ஃபீனிக்ஸுக்குப் பக்கத்தில் சாண்ட்லரில் வேலை பார்க்கிறார். ஸ்கேம்ப் என்ற பெயர் கொண்ட, முட்டை வடிவக் கண்ணாடியிழை வண்டி. 16 அடி நீளம். அதற்குள் படுக்கை, இரண்டு அடுப்பு, ஒரு தொட்டி, ஒரு மேசை. கதவுக்குப் பக்கத்தில் அலமாரி அளவில் ஓர் அறை. கழிப்பறையும் குளியலறையும் அதுவேதான். நல்ல தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு சுமார் 45 லிட்டர். அமெரிக்க வீடுகளில் ஒருமுறை கழிப்பறையை அலசிவிட 6 லிட்டர் போகும். அந்த அளவில் கணக்கிட்டால் ஏழெட்டு முறையோடு தொட்டி காலி. குடிக்க ஒரு சொட்டு மிஞ்சாது. வண்டிகளுக்கென்று வரும் கழிப்பறைகள் அதைவிடக் குறைவாகத்தான் தண்ணீர் கேட்கும். ஆனால் கேட்ட தண்ணீரெல்லாம் மலத்தோடு கலந்து வண்டிக்கு அடியிலுள்ள கறுப்புத் தொட்டியில் தேங்கும். நிரம்பியதும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு கொட்டுமிடத்துக்குப் போய், வரிசையில் நின்று, குழாயைச் செருகித் திறந்துவிட வேண்டும். தங்குவதற்காக இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதற்காகவே கிளம்ப வேண்டியிருக்கும்.

அண்ணன் அந்தக் கறுப்புத் தொட்டி ஏற்பாட்டை எடுத்துவிட்டு, தண்ணீரே கேட்காத கழிப்பறை ஒன்றைப் பொருத்தியிருக்கிறார். நேச்சர்ஸ் ஹெட் என்ற வகை. ஒஹையோ மாநிலத்தில் செய்வது. முதலில் பாய்மரப் படகுகளுக்காக உருவாக்கப்பட்டது. பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் தொட்டியை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். லா போசாவில் தங்க வேண்டுமானால் குறைந்தது 10 கேலன், அதாவது சுமார் 38 லிட்டர் கொள்ளும் கழிவுநீர்த் தொட்டி வண்டியோடு நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. தூக்கிச் செல்லும் கழிப்பறைப் பெட்டி மட்டும் வைத்திருப்பவர்கள் பொதுக் கழிப்பறைக்குப் பக்கத்தில்தான் தங்கலாம்.

“முதல்ல ஒரு விஷயம், தம்பி” என்றார் அண்ணி, வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன்பே. “ஒண்ணுக்குப் போறதா இருந்தாலும் உக்காந்துதான். வீட்டுக்கு வர்ற எல்லாருக்கும் இதைச் சொல்லிட்டுத்தான் காபியே குடுக்கிறது.”

அண்ணியின் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. அந்தக் கழிப்பறையின் முழு வித்தையும் சிறுநீரையும் மலத்தையும் சந்திக்க விடாமல் பிரிப்பதில்தான் இருக்கிறது. உட்காருமிடத்தின் முன்பாதி முன்னோக்கிச் சரிந்திருக்கிறது. சிறுநீர் அதிலுள்ள இரண்டு துளைகள் வழியாக முன்னால் மாட்டியிருக்கும் குடுவைக்குப் போகிறது. குடுவை ஏறக்குறைய 8 லிட்டர் கொள்ளும். பின்பாதியில் ஒரு மடல் கதவு. பக்கத்திலுள்ள நெம்புகோலைத் தள்ளினால் அது திறக்கும். மலம் அதன் வழியாகக் கீழே ஈரத்தூள் நிரம்பிய பெட்டிக்குள் விழும். மடலை மூடிவிட்டு, பெட்டியின் பக்கவாட்டிலுள்ள கைப்பிடியை நாலைந்து சுற்றுச் சுற்றினால், உள்ளேயிருக்கும் இரும்புக் கம்பி மலத்தைத் தூளோடு புரட்டிவிடும். அவ்வளவுதான் வேலை.

மலமும் சிறுநீரும் தனித்தனியே இருக்கும்வரை பெரிய நாற்றம் எடுப்பதில்லை. சேர்ந்தால்தான் ஆபத்து. சிறுநீரில் யூரியா இருக்கிறது. மலத்திலுள்ள நுண்ணுயிர்களிடம் அந்த யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும் நொதி இருக்கிறது. பேருந்து நிலையக் கழிப்பறையில் மூக்கைத் துளைக்கும் அந்தக் காரநெடி இந்தச் சேர்க்கையால் வருவது. தவிர, ஈரம் மிகுந்து காற்று புகாமல் போனால் வேறு வகை நுண்ணுயிர்கள் தலையெடுத்து அழுகல் நாற்றத்தைக் கிளப்பும். வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்குக் கழிக்கும் சிறுநீர் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர். மலம் ஏறக்குறைய 100 முதல் 250 கிராம்தான். பெரிய பகுதியான தண்ணீரைப் பிரித்து அனுப்பிவிட்டால், மிஞ்சும் சிறு பகுதியைக் காயவைத்துச் சமாளிக்கலாம்.

காயவைப்பதற்கு ஒரு சின்ன மின்விசிறி இருக்கிறது. கணினிப் பெட்டிக்குள் சுழலுமே, அந்த ரகம். 12 வோல்ட்டில் ஓயாமல் ஓடுகிறது. நாள் முழுக்க ஓடினாலும் பேட்டரியிலிருந்து எடுப்பது இரண்டு ஆம்பியர்-மணிக்கும் குறைவு. கூரைமேல் இருக்கும் சோலார் தகடு இதை மதியத்துக்குள் ஈடுசெய்துவிடும். விசிறி பெட்டிக்குள்ளிருக்கும் காற்றை இழுத்துக் குழாய் வழியாக வெளியே தள்ளுவதால், மடலைத் திறக்கும்போது அறைக் காற்று உள்ளே போகிறது. உள்காற்று அறைக்கு வருவதில்லை. என் படுக்கையிலிருந்து கழிப்பறைக் கதவு கைநீட்டினால் தொடும் தூரம். இரவில் விசிறியின் மெல்லிய ரீங்காரம் மட்டும் கேட்டது. நாற்றம் இல்லை. இதை நான் முகத்தாட்சண்யத்துக்காக எழுதவில்லை. போவதற்கு முன் என் மனத்திலிருந்த பெரிய கேள்வியே அதுதான்.

பெட்டிக்குள் நிரப்பும் ஈரத்தூள் என்னவென்று பார்த்தபோதுதான் எனக்கு நெஞ்சு நிறைந்தது. தேங்காய் மட்டையிலிருந்து நார் உரித்தபின் உதிரும் தூள். பொள்ளாச்சிப் பக்கம் நாரை மஞ்சி என்பார்கள், ஆலையை மஞ்சி மில் என்பார்கள், தூள் மஞ்சித்தூள். ஒரு காலத்தில் மில்களுக்குப் பின்னால் மலைமலையாகக் குவிந்துகிடந்து, மழையில் ஊறிப் பழுப்புச் சாற்றை நிலத்தடி நீரில் இறக்கிக்கொண்டிருந்த கழிவு. இன்று அதை அலசி, உலர்த்தி, செங்கல் வடிவில் அழுத்திக் கப்பலேற்றுகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் உலகம் முழுக்கப் போகிறது. அரிசோனாவில் அண்ணன் இதை வாங்குவது பாம்பு, ஓணான், ஆமை வளர்ப்பவர்களுக்கான கடையில். கூண்டுக்குள் பரப்புவதற்காக அங்கே விற்கிறார்கள். உறைமேல் ‘இந்தியத் தயாரிப்பு’ என்று அச்சிட்டிருந்தது. 650 கிராம் செங்கல் ஒன்றைத் தண்ணீரில் போட்டால் ஊறி உப்பி எட்டு, ஒன்பது லிட்டர் தூளாகிவிடும். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது. அண்ணி புட்டுக்கு மாவு பிசிறுகிற பக்குவம் என்றார். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மரத்தூளைப் போடுபவர்களும் உண்டு. ஆனால் மஞ்சித்தூள் தன் எடையைப்போல எட்டு மடங்குக்குமேல் ஈரம் இழுக்கும். அப்படி இழுத்த பின்னும் இடுக்குகளில் காற்றை வைத்திருக்கும். எளிதில் மக்காது. மலத்தில் தழைச்சத்து அதிகம், கரிமச்சத்து போதாது. நார்த்தூளில் நேர்மாறு. ஆகவே ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். அதில் ஒரு தொல்லையும் உண்டு: தூளோடு சிறு கொசு போன்ற பூச்சிகளின் முட்டை வந்துவிடலாம். ஈரமும் உணவும் கிடைத்தால் வாரக்கணக்கில் பறக்கும். கொதிநீர் ஊற்றி ஊறவைப்பது அண்ணி கண்ட வழி.

இனி நம்மவர்கள் கேட்கும் கேள்வி. தண்ணீர் கூடாது என்றால் கால் கழுவுவது எப்படி? காகிதத்தோடு எழுந்துவிட நம் மனம் ஒப்பாது. முதலில் காகிதத்தால் நன்றாகத் துடைத்து, அதை மூடியிட்ட தனிக் கூடையில் போட்டுவிட வேண்டும். பெட்டிக்குள் போட்டாலும் கெடுதியில்லை. ஆனால் காகிதம் மக்க நாளாகும், பெட்டி சீக்கிரம் நிரம்பும். பிறகு, வளைந்த மூக்குள்ள நெகிழிக் குப்பியை அழுத்திப் பீய்ச்சிக் கழுவலாம். ஒரு சிறு டம்ளர் தண்ணீருக்குமேல் போகக் கூடாது. விழுந்த ஈரத்துக்கு ஈடாக ஒரு கைப்பிடி உலர்ந்த தூள். பாலைக்காற்றில் ஈரம் மிகக் குறைவு என்பதால் விசிறி அந்தக் கொஞ்ச நீரை இழுத்துவிடுகிறது. கடலோர வாஷிங்டனுக்கோ சென்னைக்கோ இந்தச் சலுகை பொருந்தாது. அங்கே பெட்டி சேறாகிவிடும். செம்பு நிறைய ஊற்றிக் கழுவிப் பழகியவர்களுக்கு முதல் இரண்டு வேளை தயக்கமாகத்தான் இருக்கும். ஆனால் சுத்தம் குறைவதில்லை.

சிறுநீர்க் குடுவை மூன்று பேர் இருக்கும் வண்டியில் இரண்டு நாள்தான் தாங்கும். அண்ணன் இரண்டு குடுவை வைத்திருக்கிறார். நிரம்பியதை மூடிபோட்டுக் காரில் ஏற்றி, பொதுக் கழிப்பறையில் ஊற்றிவிட்டு வருவோம். லா போசாவிலுள்ள பொதுக் கழிப்பறைகளும் தண்ணீரில்லாதவைதான். கீழே ஆழமான காரைத் தொட்டி, மேலே கூரையைத் தாண்டி நிற்கும் தடித்த கறுப்புக் குழாய். வெயிலில் குழாய் சூடேற, உள்ளிருக்கும் காற்று மேலெழும்பி, கீழே உட்காருமிடத்தின் வழியாகப் புதுக்காற்றை இழுக்கும். வனத்துறைப் பொறியாளர் பிரையர் குக் என்பவர் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த அமைப்பைச் செம்மைப்படுத்திக் கையேடாக எழுதியிருக்கிறார். நாட்டின் பூங்காக்களிலும் காடுகளிலும் இன்று நிற்கும் கழிப்பறைகள் பலவற்றில் நாற்றமில்லாமல் இருப்பதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அவ்வளவு பெரிய வெளியில் ஒரு குழி தோண்டிப் போய்விட்டு மூடினால் ஆகாதா என்று தோன்றலாம். ஆகாது. நம் கொல்லை மண் வேறு, அந்த மண் வேறு. ஈரமும் மட்கும் நுண்ணுயிரும் குறைந்த பாலை மண்ணில் மலம் மக்காமல் காய்ந்து அப்படியே கிடக்கும். காகிதம் ஆண்டுக்கணக்கில் இருக்கும். ஓரிருவர் என்றால் பரவாயில்லை. குளிர்காலம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் தங்கும் இடத்தில் நினைத்துப் பார்க்கவே முடியாது. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் கொலராடோ ஆற்றில் படகில் போகிறவர்கள், பயணம் முடியும்வரை அத்தனை பேருடைய மலத்தையும் இரும்புப் பெட்டியில் அடைத்துப் படகிலேயே ஏற்றிவர வேண்டும். ஆற்றங்கரை மணல் திட்டுகள் நாறிப்போன பிறகு 1970களில் வந்த விதி அது. அண்ணன் ஒருமுறை அந்தப் பயணம் போயிருக்கிறார். பெட்டியைத் தூக்கும் வேலையை முறைவைத்துச் செய்தார்களாம். மருத்துவர், வங்கி மேலாளர், கல்லூரி மாணவி என்று ஒருவருக்கும் விலக்கில்லை.

நாங்கள் இருந்தபோது பெட்டி காலி செய்யும் நாள் வந்தது. இருவர் மட்டும் பயன்படுத்தினால் மூன்று, நான்கு வாரம் தாங்கும். கைப்பிடி சுற்ற முடியாமல் கனக்கத் தொடங்கினால் நிரம்பிவிட்டது என்று அடையாளம். அண்ணன் கையுறை மாட்டிக்கொண்டார். எனக்கும் ஒரு ஜோடி கொடுத்தார். பக்கத்துத் தாழ்ப்பாள்களை விடுவித்து, உட்காரும் பகுதியைக் கழற்றி, பெட்டியை வெளியே கொண்டுவந்தோம். தடித்த பிளாஸ்டிக் பையைப் பெட்டியின் வாயில் கவிழ்த்து மாட்டி, தலைகீழாகப் புரட்டினோம். விழுந்தது கரும்பழுப்பு நிறத்தில் உதிரியான பொருள். மண்வாசனை அடித்தது, கூடவே லேசாகப் பூஞ்சை வாடை. கடைசி ஓரிரு நாளுடையது மட்டும் இன்னும் அடையாளம் தெரிந்தது. அதற்காகத்தான் காலி செய்வதற்கு முந்தைய நாளே அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, பொதுக் கழிப்பறைக்கு நடந்துகொண்டிருந்தோம். பெட்டியைக் கழுவத் தேவையில்லை. அடியில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் பழையது அடுத்த சுற்றுக்கு உறை. புதுத் தூளைக் கொட்டி மாட்டியாகிவிட்டது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

பக்கத்து வண்டியில் மினசோட்டாவிலிருந்து தனியாக வந்திருந்த ஓய்வுபெற்ற செவிலி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வைத்திருப்பது இன்னும் எளிய ஏற்பாடு: ஒரு வாளி, சிறுநீரைப் பிரிக்கும் ஒரு தட்டு, மரத்தூள். அருவருப்பாக இல்லையா என்று கேட்டேன். “எத்தனையோ வருஷம் நோயாளிகளுக்குப் பெட்பேன் எடுத்திருக்கிறேன். என்னுடையதை நானே எடுப்பதில் எனக்கென்ன சங்கடம்?” என்றார்.

அன்றிரவு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தபோது அண்ணன் பேச்சை ஊருக்குத் திருப்பினார். எங்கள் தாத்தா வீட்டில் எடுப்புக் கக்கூஸ் இருந்தது. நான் பிறக்குமுன் இடித்துவிட்டார்கள்; அண்ணன் பார்த்திருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் சந்து. சந்துப் பக்கம் ஒரு தகரக் கதவு. விடியுமுன் ஓர் அம்மா வந்து, தகரத்தைத் தூக்கி, சாம்பல் தூவி, வாரிக் கூடையில் எடுத்துப் போவார். “அந்தம்மா பேரு யாருக்கும் தெரியாதுடா. நானும் கேட்டதில்லை, பெரியவங்களும் சொன்னதில்லை” என்றார் அண்ணன். வெகுநேரம் அதற்குப்பின் அவர் பேசவில்லை.

அந்த வேலையை ஒழிக்க 1993-ல் ஒரு சட்டம் வந்தது; போதாமல் 2013-ல் இன்னொன்று வந்தது. கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பின் எடுப்புக் கழிப்பிடங்களை அள்ளிய குடும்பத்தில் பிறந்த பெஜவாடா வில்சன், அவற்றை இடிப்பதையே தன் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டு 2016-ல் மகசேசே விருது பெற்றார். ஆகவே, தண்ணீரில்லாத கழிப்பறை நல்லது என்று தமிழில் ஒருவர் எழுதும்போது பேனா கூசத்தான் வேண்டும். அள்ளுவது யார் என்று சொல்லாமல் அதைப் புகழ்வது பாவம். லா போசாவில் நான் பார்த்த பெட்டிக்கும் தாத்தா வீட்டுத் தகரக் கதவுக்கும் உள்ளே இருந்த பொருள் ஒன்றுதான், தூவிய சாம்பலும் தூளும்கூட ஏறக்குறைய ஒன்றுதான். பெட்டியை அண்ணன் தூக்கினார். கூடையை அந்த அம்மா தூக்கினார். அவர் இன்ன சாதியில் பிறந்தார் என்பதற்காகத் தூக்கினார். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துத்தான் நான் இந்தக் கழிப்பறையை மதிக்கிறேன். தண்ணீர் மிச்சமாவதெல்லாம் அதற்குப் பிறகு.

அண்ணிக்குச் சொந்த ஊர் தொட்டியம். பக்கத்து ஊரான முசிறியில் நடந்த முயற்சி அவருக்கு நன்றாகத் தெரியும். காவிரிக் கரை, நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். குழிக் கழிப்பறை தோண்டினால் கழிவு நேரே கிணற்றுத் தண்ணீரில் கலக்கும். திருச்சியின் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனத்தை நடத்திய மராச்சி சுப்புராமன், 2000களில் அங்கே சிறுநீரையும் மலத்தையும் கழுவும் தண்ணீரையும் மூன்றாகப் பிரிக்கும் எக்கோசான் கழிப்பறைகளைக் கட்டினார். தரைக்கு மேலே எழுப்பிய இரண்டு அறைகள். ஒன்று நிரம்பினால் மூடிவிட்டு மற்றதுக்கு மாறுவார்கள். போய்விட்டுச் சாம்பல் தூவி, சற்று நகர்ந்து உட்கார்ந்து, தனியாக விட்டிருக்கும் பள்ளத்தில் கால் கழுவிக்கொள்ளலாம். நேச்சர்ஸ் ஹெட்டில் இல்லாத அந்த மூன்றாவது வழி, தண்ணீரால் கழுவும் நமக்கு எவ்வளவு அவசியம் என்பதை டிரெய்லருக்குள் நெகிழிக் குப்பியோடு உட்கார்ந்தபோதுதான் முழுதாக உணர்ந்தேன். முசிறிப் பொதுக் கழிப்பறையில் போகிறவர்களிடம் காசு வாங்குவதற்குப் பதில் அவர்களுக்குக் காசு கொடுத்த செய்தி அப்போது உலகெங்கும் பேசப்பட்டது. சேகரித்த சிறுநீரை வாழைக்கு விட்டுப் பார்த்தார்கள். சுப்புராமனுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

முசிறியை நினைத்துக்கொண்டு டிரெய்லர்ப் பெட்டியைப் பார்த்தால் ஒரு குறை உறுத்துகிறது. அந்தப் பெட்டிக்குள் மலம் உரமாவதில்லை. காய்கிறது, உதிர்கிறது, அவ்வளவே. நோய்க்கிருமி சாக வேண்டுமானால் குவியல் சூடேற வேண்டும். 55 டிகிரியை எட்டிச் சில நாள் நிற்க வேண்டும். அதற்குக் கிட்டத்தட்ட ஒரு கன மீட்டர் அளவாவது குவியல் வேண்டும். வாளியளவு பெட்டியில், ஜனவரி இரவின் குளிரில், அது நடக்காது. இல்லையென்றால் காலம் கொடுக்க வேண்டும். உலக நலவாழ்வு அமைப்பு 2006-ல் வெளியிட்ட வழிகாட்டி, 20 முதல் 35 டிகிரி வெப்பமுள்ள இடங்களில் உலர்மலத்தை ஓராண்டுக்கு மேல் மூடிவைக்கச் சொல்கிறது. குளிர்ந்த இடங்களில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு. உருண்டைப்புழு முட்டைகள் அவ்வளவு பிடிவாதமானவை. சிறுநீர் அப்படியில்லை. மூடிய கலனில் 20 டிகிரியில் ஆறு மாதம் வைத்தால் எந்தப் பயிருக்கும் விடலாம். நாம் கழிக்கும் தழைச்சத்தில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. ஆனால் ஓடும் வண்டியில் ஓராண்டு வைத்திருக்க யாரிடம் இடம் இருக்கிறது? பைக்குமேல் பையிட்டுக் கட்டி, குழந்தைகளின் டயப்பர் போகும் வழியிலேயே குப்பைக்குப் போகிறது. பொள்ளாச்சியில் விளைந்த தூள் கடல்தாண்டி வந்து, வேலையைச் செய்துவிட்டு, அரிசோனாவின் ஏதோ ஒரு குப்பைமேட்டில் நெகிழிப்பைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அங்கே ஒரு செடியும் அதைத் தின்னப்போவதில்லை.

1860-ல் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் ஹென்றி மூல் என்ற பாதிரியார், காலரா பரவிய தன் ஊரைப் பார்த்து நொந்து, உலர்ந்த மண்ணைத் தூவும் கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் அதிகமும் கவலைப்பட்டது, வயலுக்குப் போக வேண்டியது ஆற்றுக்குப் போகிறதே என்றுதான். அவருடைய கவலைக்கு ஸ்வீடன்காரர் ரிகார்ட் லிண்ட்ஸ்ட்ரம் 1939-ல் தன் வீட்டுக்கு அடியில் சரிவான பெரிய தொட்டியைக் கட்டி விடை கண்டார். க்லைவஸ் மல்ட்ரம் என்று இன்றும் அது விற்கிறது. இருவருக்கும் நிலம் இருந்தது, காத்திருக்க ஆண்டுகளும் இருந்தன. டிரெய்லர்க்காரர்களுக்கு இரண்டும் இல்லை. அண்ணன் இதை மறைக்கவில்லை. “இது பாதிக் கெணறுதான் தாண்டியிருக்குடா” என்றார்.

மீதியைத் தாண்டத் தொட்டியத்தில் ஓர் ஏற்பாடு நடக்கிறது. அண்ணியின் அப்பா விட்டுச்சென்ற வாழைத் தோட்டத்தில், மோட்டார் அறையை ஒட்டி இருவரும் சின்ன வீடு ஒன்று கட்டப்போகிறார்கள். வேலை முடிந்ததும் அங்கேயே வந்துவிடும் எண்ணம். கழிப்பறை முசிறி மாதிரிதான்: தரைக்கு மேலே இரண்டு அறை, கழுவும் தண்ணீர் ஒரு கல்வாழைப் பாத்திக்கு, சிறுநீர் கலனுக்கு. சாம்பல் பக்கத்து அரிசி ஆலையில் கிடைக்கும். அரிசோனாவிலிருந்து வீடியோ அழைப்பில் கொத்தனாரிடம் வரைபடத்தை விளக்கியிருக்கிறார் அண்ணன். கொத்தனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “சரிங்க சார், வருஷத்துக்கு ஒருக்கா தெறந்தா உள்ளே இருக்கிறதை யாருங்க அள்ளுவாங்க? எங்க ஊர்ல இதுக்கு ஆள் வரமாட்டாங்க, நானும் கூப்பிடமாட்டேன்” என்றாராம். சரியான கேள்வி, சரியான ஆள் என்று அண்ணிக்கு அன்றே அவரைப் பிடித்துவிட்டது. அள்ளுவது நானும் இவரும்தான் என்று அண்ணியே பதில் சொன்னார். கொத்தனார் சற்று யோசித்து, அப்படியென்றால் பின்பக்கக் கதவை இன்னும் அரையடி அகலமாக வைக்கலாம், வயதானால் குனிந்து மண்வெட்டி போடச் சிரமப்படும் என்று சொல்லியிருக்கிறார். வரைபடத்தில் அதை மாற்றிவிட்டார்கள். வேலை சித்திரையில் தொடங்குகிறது.